மனிதனின் வயதையே மாற்றி எழுதிய சரளைக்குழிகள்… தெரியுமா?

சோம் நதி என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1916 நினைவுக்கு வரும். முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான வீரர்கள் மடிந்த வடக்கு பிரான்ஸின் போர்க்களம் அது. ஆனால் அதற்கு 57 ஆண்டுகளுக்கு முன்பே அதே பள்ளத்தாக்கில் இன்னொரு பெரிய காரியம் நடந்து முடிந்திருந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை. சாலைக்குச் சரளை வெட்டிய சில குழிகளிலிருந்து கிடைத்த கற்கள், மனித இனத்துக்கு அதுவரை யாரும் கொடுக்கத் துணியாத வயதைக் கொடுத்தன!

அப்போதே பூமி மிகப் பழையது என்று புவியியலாளர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் மனிதன்? அவன் நேற்று வந்தவன், சில ஆயிரம் ஆண்டுக்காரன் என்றே பெரும்பாலான அறிஞர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைச் சோம் பள்ளத்தாக்கு எப்படி உடைத்தது? ஒவ்வொன்றாகப் பாருங்கள், பிரமித்துப் போவீர்கள்!

இந்தச் சிறிய நதிக்குப் பத்துப் படிகள்… தெரியுமா?

சோம் நதியின் நீளம் சுமார் 245 கிலோமீட்டர்தான். கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் பிறந்து, அமியான், அப்வில் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஆங்கிலக் கால்வாயில் கலக்கிறது. பார்த்தால் பரமசாது!

ஆனால் அதன் கரையோரச் சரிவைக் கவனியுங்கள். கோயில் குளத்துப் படித்துறைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் பத்துச் சரளைப் படிகள்! கடந்த பத்து லட்சம் ஆண்டுகளாக நிலம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்தது. பனியுகம் வரும்போதெல்லாம் நதி சரளையைக் கொண்டுவந்து பரப்பியது; பிறகு தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. பழைய படுகை மேலேயே தங்கிவிட்டது. இப்படி ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டுக்கு ஒரு படி! மேலே இருப்பது மூத்தது, கீழே இருப்பது இளையது. எந்தப் படியில் கல்லாயுதம் கிடைக்கிறதோ, அந்தப் படியின் வயதே அதன் வயதைச் சொல்லிவிடும். இயற்கையே எழுதி வைத்த காலக்கணக்கு!

ஆயுதக் கல் பிறந்தது கடலடியில்… தெரியுமா?

பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது வெண்மையான சுண்ணப்பாறை. டைனோசர்கள் உலவிய காலத்தில் இந்தப் பகுதி முழுக்கக் கடல். கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கில் படிந்து பாறையாயின. அந்தக் கடலில் வாழ்ந்த கடற்பஞ்சுகளின் உடலில் சிலிக்கா முட்கள் உண்டு. அந்த சிலிக்கா கரைந்து, கடலடிச் சேற்றில் நண்டு போன்ற உயிர்கள் குடைந்த பொந்துகளில் புகுந்து, மறுபடி இறுகியது. அதுதான் சிக்கிமுக்கிக் கல்! அதனால்தான் அந்தக் கற்களுக்கு முண்டும் முடிச்சுமாக, விரல் நீட்டியதாக, விநோதமான வடிவங்கள்.

இந்தக் கல்லின் மகிமை என்ன? உள்ளே படிகப் பிளவு எதுவும் கிடையாது. சரியான கோணத்தில் அடித்தால், அடித்தவன் நினைத்த திசையில் சிப்பி வளைவாகச் சில்லு பெயரும். பெயர்ந்த விளிம்பு தோலையும் இறைச்சியையும் சுலபமாக அறுக்கும். நதி சுண்ணப்பாறையைக் கரைத்து, சிக்கிமுக்கிக் கல்லைக் கழுவி, கரையில் குவித்து வைத்தது. ஆதிமனிதன் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி!

தோண்டியவர்கள் தேடியது ஆயுதத்தை அல்ல… தெரியுமா?

19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் சாலை போட்டது, கால்வாய் வெட்டியது, ரயில் பாதை அமைத்தது, ஊரெங்கும் செங்கல் வீடு கட்டியது. அதற்கெல்லாம் சரளை வேண்டும், செங்கல் மண் வேண்டும். அப்வில், அமியான் ஊர்களைச் சுற்றி எங்கு பார்த்தாலும் குழிகள்! அமியானின் புறநகரான சாந்த் அஷூலில் கீழே சரளை, மேலே செங்கலுக்கேற்ற வண்டல். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் குவாரிக்காரர்கள் விடுவார்களா?

தினக்கூலிக்கு மண்வெட்டி பிடித்த தொழிலாளர்கள்தான் அந்தக் கற்களை முதலில் பார்த்தவர்கள். ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை, இரண்டு பக்கமும் செதுக்கல். இவைதான் கைக்கோடரிகள். அதே குழிகளிலிருந்து பெரிய பெரிய எலும்புகளும் வந்தன. மாமத யானை! கம்பளிக் காண்டாமிருகம்! இரண்டுமே உலகத்திலிருந்து அழிந்துபோன மிருகங்கள். மனிதன் செதுக்கிய கல்லும், மனிதன் பார்த்தே இருக்க முடியாது என்று நம்பப்பட்ட மிருகத்தின் எலும்பும் ஒரே அடுக்கில்! மொத்த விவகாரமும் இந்த ஒரு புள்ளியில்தான் வெடித்தது.

முதலில் குரல் கொடுத்தவர் ஒரு சுங்க அதிகாரி… தெரியுமா?

ஷாக் பூஷே த பெர்த்! 1788-இல் பிறந்தவர். அப்வில் ஊரின் சுங்கத் துறைத் தலைவர். நாடகம் எழுதுவார், கவிதை எழுதுவார், நாவல் எழுதுவார். அதே ஊரில் காசிமிர் பிக்கார் என்ற மருத்துவர் இருந்தார். கல்லாயுதங்களை முறையாக ஆராய்ந்துகொண்டிருந்த அவர் 1841-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்த விளக்கை அணையவிடாமல் ஏந்திக்கொண்டவர் பெர்த்.

குழி குழியாக அலைந்தார். தொழிலாளர்களிடம் பேசினார், கிடைத்த கல்லுக்குக் காசு கொடுத்தார். எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 1847-இல் தன் பெரிய நூலின் முதல் பாகத்தை அச்சிட்டு, அழிந்துபோன மிருகங்களோடு மனிதன் வாழ்ந்தான் என்று துணிந்து சொன்னார்.

பாரிஸ் அறிஞர்கள் ஏற்றார்களா? கிடையாது! அதற்கு ஒரு காரணமும் இருந்தது. கல்லாயுதங்களோடு, மிருக முகமும் பறவை முகமும் தெரிகிற வெறும் கற்களையும் ஆதிமனிதன் செதுக்கிய சிற்பங்கள் என்று பெர்த் சேர்த்து வெளியிட்டுவிட்டார். இயற்கை செய்த அந்த உருவங்களைப் பார்த்தவர்கள், உண்மையான ஆயுதங்களையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். தங்கம் பித்தளையோடு சேர்ந்து குப்பைக்குப் போனது!

எதிர்த்தவரே சாட்சியாக மாறினார்… தெரியுமா?

அமியானில் ரிகொலோ என்ற மருத்துவர் இருந்தார். பழம்பொருள் ஆய்வில் அந்த வட்டாரத்தின் பெரிய கை. பெர்த் சொன்னதை அவர் துளியும் நம்பவில்லை. சரி, நம் ஊர்க் குழியையே பார்த்துவிடுவோம் என்று சாந்த் அஷூலுக்குப் போனார்.

போனவர் திகைத்துப் போனார்! அப்வில்லில் கிடைத்த அதே வகைக் கற்கள், அதே வகைச் சரளையில், நூற்றுக்கணக்கில்! கலைந்த மண்ணிலா என்று சோதித்தார். இல்லை. மேலிருந்து விழுந்ததா என்று பார்த்தார். அதுவும் இல்லை. நேர்மையான மனிதர். தன் கருத்தைத் தானே மாற்றிக்கொண்டு, 1854-இல் சாந்த் அஷூல் ஆயுதங்களைப் பற்றி ஆய்வுரை எழுதினார். அதே ஆண்டில் காலமும் ஆனார். எதிரியாக உள்ளே நுழைந்தவர், பெர்த்துக்குக் கிடைத்த முதல் பெரிய சாட்சியாக வெளியே வந்தார்!

கதையைத் திருப்பியவர் இந்தியாவில் வேலை பார்த்தவர்… தெரியுமா?

ஹியூ ஃபால்கனர். ஸ்காட்லாந்துக்காரர். சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தையும், பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தையும் நிர்வகித்தவர். இமயத்தின் அடிவாரத்தில் உள்ள சிவாலிக் மலைகளில் அழிந்துபோன யானைகள், நீர்யானைகள், ராட்சத ஆமை ஆகியவற்றின் புதைபடிவங்களைக் கண்டெடுத்து உலகப் புகழ் பெற்றவர்.

1858-இல் இங்கிலாந்தின் பிரிக்ஸம் குகையில் அழிந்த மிருகங்களின் எலும்புகளோடு சிக்கிமுக்கிக் கல் கருவிகள் கிடைத்திருந்தன. அந்தச் சூடு ஆறுவதற்குள், சிசிலித் தீவுக்குப் போகும் வழியில் ஃபால்கனர் அப்வில்லில் இறங்கினார். பெர்த்தின் வீட்டில் குவிந்திருந்த கற்களைப் பார்த்தார். மாமத யானையின் பல்லைப் பார்த்தே வகை சொல்லக்கூடிய அந்தக் கண்களுக்கு, விஷயம் எவ்வளவு பெரியது என்று உடனே புரிந்துவிட்டது. லண்டனில் இருந்த நண்பர் ஜோசப் பிரெஸ்ட்விச்சுக்குக் கடிதம் போட்டார்: நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும் என்று! சிவாலிக் மண்ணில் பழகிய கண், சோம் மண்ணின் பெருமையை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது!

1859 ஏப்ரல் 27 அன்று நடந்தது என்ன… தெரியுமா?

பிரெஸ்ட்விச் தொழிலால் ஒயின் வியாபாரி. அவரோடு வந்த ஜான் எவன்ஸ் காகித ஆலை நடத்தியவர். இருவருமே பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அல்ல! ஆனால் ஒருவர் சரளை அடுக்குகளைப் படிப்பதில் மன்னர், மற்றவர் பழம்பொருள்களை எடைபோடுவதில் மன்னர்.

அப்வில்லில் பெர்த்தின் சேகரிப்பைப் பார்த்தார்கள். பிரமிப்புதான், ஆனால் அது போதாது. பெட்டிக்குள் இருக்கும் கல் எதையும் நிரூபிக்காது. மண்ணுக்குள் கிடக்கும் கல் வேண்டும்! அந்த நேரத்தில்தான் சாந்த் அஷூலில் இருந்து செய்தி வந்தது. குழியின் சுவரில், அசையாத சரளைக்குள், ஒரு கைக்கோடரி தலை நீட்டிக்கொண்டிருக்கிறது! யாரும் அதைத் தொடவில்லை!

ஓடினார்கள். பார்த்தார்கள். மேலே அடுக்கடுக்காக, கலையாத மண். நடுவே அந்தக் கல்லின் விளிம்பு. கையால் எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். புகைப்படக்காரரை வைத்து, கல் கிடந்த நிலையிலேயே படம் பிடித்தார்கள்! குழிச் சுவரும், பக்கத்தில் நிற்கும் தொழிலாளர்களும், ஆயுதம் இருக்கும் இடத்தைச் சுட்டும் விரலும் இன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றன. தொல்லியல் வரலாற்றின் மிக ஆரம்பகாலப் புகைப்படச் சாட்சிகளில் ஒன்று அது.

மே 26-இல் பிரெஸ்ட்விச் லண்டன் ராயல் சொசைட்டியில் அறிக்கை படித்தார். ஜூன் 2-இல் எவன்ஸ் பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தில் பேசினார். அதே கோடையில் சார்ல்ஸ் லயல் என்ற மாபெரும் புவியியலாளர் சோம் குழிகளை நேரில் பார்த்துவிட்டுவந்து செப்டம்பரில் வழிமொழிந்தார். நவம்பரில் டார்வினின் உயிரினங்களின் தோற்றம் வெளிவருவதற்கு முன்பே மனிதனின் பழமை நிலைநாட்டப்பட்டுவிட்டது! அப்போது பெர்த்துக்கு எழுபது வயது. பன்னிரண்டு ஆண்டு கேலிக்குப் பிறகு கிடைத்த வெற்றி!

62 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தார்… தெரியுமா?

லண்டன் திரும்பிய எவன்ஸ், பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் கண்ணாடிப் பேழை ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது! சாந்த் அஷூலில் பார்த்த அதே வகைக் கைக்கோடரிகள் அங்கே இருந்தன.

விசாரித்தால், 1797-இல் ஜான் ஃப்ரீர் என்பவர் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்துச் செங்கல் மண் குழியிலிருந்து அனுப்பியவை! உலோகம் தெரியாத மக்கள் செய்தவை, மிக மிகப் பழைய காலத்தவை என்று அவர் கடிதமும் எழுதியிருந்தார். எந்த ஆழத்தில், எந்த அடுக்குக்குக் கீழே கிடைத்தன என்றும் குறித்திருந்தார். 1800-இல் அது அச்சிலும் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை! அவர் அடுக்கைக் குறித்து வைத்த காரணத்தால்தான், அறுபது ஆண்டு கழித்தும் அந்தச் சாட்சியம் செல்லுபடியாயிற்று.

உலகை மாற்றிய அந்தக் கல்லே காணாமல் போனது… தெரியுமா?

புகைப்படம் எடுக்கப்பட்ட அந்தக் கைக்கோடரி எங்கே? ஒன்றரை நூற்றாண்டு யாருக்கும் தெரியாது. பிரெஸ்ட்விச்சின் சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. 2009-இல் கிளைவ் கேம்பிள், ராபர்ட் குருஷின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே தேடினார்கள். கிடைத்துவிட்டது!

எப்படி அடையாளம் கண்டார்கள்? கல்லில் ஒட்டியிருந்த சின்னஞ்சிறு சீட்டு! இடமும் தேதியும் அதில் எழுதப்பட்டிருந்தன. அந்தத் துண்டுக் காகிதம் உதிர்ந்திருந்தால், மனித வரலாற்றைத் திருப்பிப்போட்ட கல் ஆயிரம் கற்களோடு ஒரு கல்லாய் அலமாரியிலேயே கிடந்திருக்கும்!

200 பிராங்க் பரிசும் ஒரு தாடை எலும்பும்… தெரியுமா?

ஆயுதம் கிடைத்தது சரி, செய்த மனிதன் எங்கே? அந்த ஏக்கம் பெர்த்தை விடவில்லை. மனித எலும்பு கொண்டுவருபவருக்கு 200 பிராங்க் பரிசு என்றார். கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு பெரிய பணம்!

1863 மார்ச் 28. அப்வில்லின் மூலான் கினியோன் குழியில் மனிதத் தாடை எலும்பு! பிரான்ஸே கொண்டாடியது. ஆனால் எவன்ஸும் ஃபால்கனரும் முகம் சுளித்தார்கள். அதே குழியில் கிடைத்த கைக்கோடரிகளை ஆராய்ந்தார்கள். பல்லாயிரம் ஆண்டு சரளையில் கிடந்த கல்லுக்கு மேற்பரப்பில் பளபளப்பு ஏறியிருக்கும். இரும்புச் சத்து ஊறி நிறம் மாறியிருக்கும். விளிம்பு சற்றே மழுங்கியிருக்கும். இவற்றிலோ விளிம்பு புத்தம் புதிது, நிறமும் கழுவினால் போய்விடுகிறது!

மே மாதம் இரு நாட்டு அறிஞர்களும் பாரிஸிலும் அப்வில்லிலும் கூடி வாதிட்டார்கள். பிரெஞ்சுத் தரப்பு உண்மை என்றது. ஆங்கிலத் தரப்பின் சந்தேகம் தீரவில்லை. பிறகு எவன்ஸ் அனுப்பிய அனுபவசாலி அகழ்வாளர் ஒருவர் குழியில் இறங்கி வேலை செய்தபோது, சரளைச் சுவருக்குள் போலிகளைச் செருகி வைத்திருப்பது அம்பலமாயிற்று. மூலான் கினியோன் என்ற பெயரே ஆய்வுலகில் அவமானச் சின்னமாகி, 150 ஆண்டுகள் யாரும் சீண்டாத இடமாயிற்று!

அதே மே மாதத்தில் சென்னையில் நடந்தது… தெரியுமா?

உடம்பு சிலிர்க்கும் விஷயம் இது! அப்வில்லில் அந்த வாதம் நடந்த அதே 1863 மே மாதம், 30-ஆம் தேதி, பல்லாவரம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இளம் அலுவலர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ராணுவ மைதானத்துக்கு அருகே செஞ்சரளை வெட்டிய ஒரு குழியில் ஒரு கல்லைப் பார்க்கிறார். இரண்டு பக்கமும் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்கால ஆயுதம்!

ஃபூட் 1858 கடைசியில் பணியில் சேர்ந்தவர். பிரெஸ்ட்விச்சும் எவன்ஸும் சோம் பள்ளத்தாக்கில் கண்டதைப் படித்துத்தான் தமிழ் மண்ணின் சரளையையும் அவர் உற்றுப் பார்த்தார். நான்கே ஆண்டில் அமியானின் குழியிலிருந்து பல்லாவரத்துக் குழிக்கு அந்தப் பார்வை வந்து சேர்ந்துவிட்டது. நம் பக்கம் சிக்கிமுக்கிக் கல் அரிது. இங்கே ஆதிமனிதன் கையாண்டது குவார்ட்சைட் கூழாங்கல். கல் வேறு, ஆனால் செதுக்கிய முறை ஒன்று!

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அதே இடத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: அங்குள்ள கைக்கோடரிகளின் வயது குறைந்தது 10 லட்சம் ஆண்டு, சராசரிக் கணக்கில் 15 லட்சம் ஆண்டு!

கென்யாவின் கல்லுக்கும் அமியான் புறநகரின் பெயர்… தெரியுமா?

1872-இல் கப்ரியேல் த மோர்ட்டியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கற்காலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். கைக்கோடரிக் காலத்துக்குச் சாந்த் அஷூலின் பெயரையே வைத்தார். அப்படி வந்ததுதான் அச்சூலியன்!

இன்று அந்தப் பெயர் எங்கெல்லாம் போய்விட்டது பாருங்கள். கென்யாவின் துர்கானா ஏரிக்கரையில் கிடைத்த 17.6 லட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிக்கும் அதே பெயர். அத்திரம்பாக்கத்துக் கல்லுக்கும் அதே பெயர். சாந்த் அஷூலின் சொந்தக் கற்களைவிட அவை பல மடங்கு மூத்தவை! வயதில் இளைய ஊர், தன் பெயரை மூத்தவர்களுக்கெல்லாம் சூட்டிவிட்டது. காரணம், அடுக்கோடு சேர்த்துச் சாட்சி சொன்னது அந்த ஊர்தான்!

படிகளை எண்ணியவர் ஒரு பள்ளி ஆசிரியர்… தெரியுமா?

விக்டர் கொமோன், 1866-இல் பிறந்தவர், அமியானில் ஆசிரியர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்த் அஷூலின் குழிகளை அவர் ஆராய்ந்தார். நல்ல கற்களை மட்டும் பொறுக்குகிற வழக்கம் அவரிடம் இல்லை. உதிர்ந்த சில்லு, பாதியில் கைவிட்ட கல், உடைந்த துண்டு, எல்லாமே அவருக்கு முக்கியம்.

அதனால்தான் 1905 வாக்கில் அவருக்கு ஒரு புதையல் வாய்த்தது. ஆதிமனிதர்கள் உட்கார்ந்து கல் செதுக்கிய பட்டறையே கிடைத்தது! இன்றும் அந்த இடம் கொமோன் பட்டறை என்றே அழைக்கப்படுகிறது. எந்தப் படியில் எந்த வகை ஆயுதம், மேலே மூடிய வண்டலின் எந்த அடுக்கில் எந்த வகை என்று அவர் வரைந்த வெட்டுமுகப் படங்கள் இன்றைய ஆய்வுகளுக்கும் அஸ்திவாரம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1918-இல் அவர் மறைந்தார்.

1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அப்வில் எரிந்தபோது, பெர்த்தின் வீடும் அதிலிருந்த அருங்காட்சியகமும் சாம்பலாயின. அங்கிருந்த கற்கள் போயின. ஆனால் எழுதி வைத்த அடுக்குக் கணக்குகள் பிழைத்தன! கொமோன்கள் எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதா?

அவமானப்பட்ட குழிக்கு 6.5 லட்சம் வயது… தெரியுமா?

மூலான் கினியோன் நினைவிருக்கிறதா? 150 ஆண்டுகள் யாரும் சீண்டாத அதே இடம்! ஊர் வளர்ந்து வீடுகள் வந்துவிட்டன. 2016-இல் மாரி எலேன் மோன்செல், பியர் அந்துவான் ஆகியோரின் குழு அந்தப் பழைய குழியின் எஞ்சிய அடுக்குகளை மறுபடி தேடிக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு முறையாகத் தோண்டினார்கள். செதுக்கிய கற்கள் 260-க்கு மேல்! அவற்றில் ஐந்து கைக்கோடரிகள்!

வயது எப்படித் தெரிந்தது? மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் வெயிலில் படும்போது அதன் பழைய கதிரியக்கக் கணக்கு அழிகிறது. மண்ணுக்குள் புதைந்தபின் மறுபடி சேர ஆரம்பிக்கிறது. சேர்ந்த அளவை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் என்று தெரியும். 2019-இல் முடிவு வந்தது: சுமார் 6.5 லட்சம் ஆண்டு! வடமேற்கு ஐரோப்பாவின் மிகப் பழைய கைக்கோடரிகளில் அவையும் சேர்ந்தன. தாடை எலும்பு பொய். ஆனால் அந்த மண்ணில் ஆதிமனிதன் நடமாடினான் என்று பெர்த் சொன்னது சத்தியம்!

யானை வெட்டியவர்கள், சிலை செதுக்கியவர்கள்… தெரியுமா?

அப்வில் அருகே காவூர் என்ற இடம். சுமார் 1.25 லட்சம் ஆண்டுக்கு முன், பனியுகங்களுக்கு நடுவே வந்த வெப்பமான காலம். அங்கே நியாண்டர்தால் மனிதர்கள் காட்டெருமை, காண்டாமிருகம், யானை ஆகியவற்றைச் சிக்கிமுக்கிக் கல்லால் அறுத்த தடயங்கள் எலும்போடு கிடைத்திருக்கின்றன.

அமியானின் ரெனான்கூரில் இன்னொரு அதிசயம்! சுமார் 23,000 ஆண்டுக்கு முந்தைய பெண் உருவங்கள், சுண்ணப்பாறையில் செதுக்கியவை. 2019-இல் கிடைத்த ஒன்றின் உயரம் வெறும் 4 சென்டிமீட்டர். தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்த அலங்காரம்! கீழ்ப்பாறை சிலையானது, அதற்குள் இருந்த கல் கருவியானது. ஒரே பள்ளத்தாக்கு இரண்டையும் கொடுத்தது!

உங்களாலும் ஒரு காரியம் செய்ய முடியும்… தெரியுமா?

பிரான்ஸ் போகிறவர்கள் சாந்த் அஷூலில் அமைத்திருக்கும் தொல்லியல் தோட்டத்தில் பழைய சரளை அடுக்கின் வெட்டுமுகத்தை நேரில் பார்க்கலாம். அப்வில்லில் பெர்த்தின் பெயரில் புதிதாக எழுந்த அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கேயே இருப்பவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஃபூட்டின் சேகரிப்பும், பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகமும் இருக்கின்றன. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்!

ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது என்ன? ஃப்ரீர் குறித்த ஆழம். தொழிலாளி தொடாமல் விட்ட கைக்கோடரி. எடுப்பதற்கு முன் பிடித்த புகைப்படம். கல்லில் ஒட்டிய சீட்டு. கொமோன் வரைந்த அடுக்கு. இவை இல்லையென்றால் அத்தனையும் வெறும் கல்! ஆயுதத்தின் பாதி கல்லில் இருக்கிறது, மறுபாதி அது கிடந்த மண்ணில் இருக்கிறது.

திருவள்ளூர் பக்கமோ வேறெங்கோ, ஏரிக்கரையிலும் ஓடைச் சரிவிலும் செஞ்சரளை வெட்டிய இடத்தில் இருபுறமும் செதுக்கிய கல் ஒன்று உங்கள் கண்ணில் படலாம். பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்! கிடக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வையுங்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைக்கோ, மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தகவல் சொல்லுங்கள். சாந்த் அஷூலில் அந்தக் கல்லைத் தொடாமல் விட்டுவைத்த கூலித் தொழிலாளி செய்ததும் இவ்வளவுதான். அதற்குப் பட்டம் வேண்டாம், பதவி வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும்!